பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்

நாற்பத்தெட்டு நிமிடம் ஆடி முடித்த ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டத்தின் இறுதி ஸ்கோர் 19–18. 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் ஆடிட்டோரியத்தில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை அதன் சொந்த ஊரிலேயே வீழ்த்தியது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் வரலாற்றில் இதைவிடக் குறைவாகப் புள்ளிகள் விழுந்த ஆட்டம் இன்றுவரை கிடையாது. இரண்டு அணிகளும் சேர்ந்து ஆட்டத்தின் போக்கில் போட்டது எட்டே கூடைகள். மிச்சமெல்லாம் ஃப்ரீ த்ரோவில் வந்தவை.

அன்று லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். ஆறடி பத்தங்குல உயரம், தடித்த மூக்குக்கண்ணாடி. கூடைக்குக் கீழே அவர் வந்து நின்றுவிட்டால் அசைக்க ஆளில்லை. அவரை எட்ட நிறுத்துவதற்காகவே அடுத்த ஆண்டு கூடைக்கு முன்னாலிருக்கும் கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலப்படுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவரை எதிர்த்து பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் மர்ரே மெண்டன்ஹால் கண்டுபிடித்த வழி மிக எளியது. பந்து நம்மிடம் இருக்கும்வரை மைக்கனால் என்ன செய்துவிட முடியும்? ஆகவே அவருடைய ஆட்கள் பந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். இத்தனை நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று அன்றைய விதியில் எதுவும் இல்லை.

அரங்கில் ஏழாயிரம் பேர் இருந்தார்கள். கூச்சலிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசிக் கால் பகுதியில் இரண்டு அணிகளும் எடுத்தது மொத்தம் நான்கு புள்ளிகள். சில விநாடிகளே மிச்சமிருந்தபோது லாரி ஃபவுஸ்ட் என்ற புதுமுக ஆட்டக்காரர் மைக்கனுக்கு மேலாகப் பந்தை எறிந்து கூடையில் போட்டார். லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. அப்படியும் தோல்வி.

இதை அசிங்கமான ஆட்டம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. நேருக்கு நேர் மோதினால் தோற்பது உறுதி என்று தெரிந்தவன் மோதலைத் தள்ளிப்போடுவதில் என்ன குற்றம்? வலியவனுக்கு எல்லாம் சீக்கிரம் நடக்க வேண்டும், முடிவு தன் பக்கம்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். எளியவனிடம் இருப்பது தாமதம் ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இப்படிப் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பெரியப்பா. சகோதரர்களில் படிக்காதவர், வசதி குறைந்தவர். பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது, நன்றாக இருந்த தம்பிகள் ஒரு கணக்கைப் போட்டுக் காகிதத்தோடு வந்தார்கள். அவர் மறுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. “தை பொறக்கட்டும், பாக்கலாம்” என்றார். தைகள் வந்தன, போயின. அந்த ஒரு கையெழுத்துதான் தன்னிடம் இருக்கும் ஒரே பலம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பிகள் மெல்ல மெல்ல இறங்கிவந்தார்கள். அவருடைய சாமர்த்தியத்தை நான் ரசித்திருக்கிறேன், இன்றும் ரசிக்கிறேன்.

ஆனால் அந்த வீட்டில் அத்தைக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை நம்பித்தான் மகள் கல்யாணத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். அண்ணனுக்கும் தம்பிகளுக்கும் நடந்த இழுபறியில் அவர் எந்தப் பக்கமும் இல்லை. கடைசியில் நகையை விற்றுக் கல்யாணத்தை நடத்தினார். ஓடு சரிந்து வீட்டுக்குள் மழை இறங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். அத்தைக்கு எவ்வளவு பொறுமை என்று உறவுக்காரர்கள் சொல்லக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

மினியாபொலிஸ் ஆட்டத்தை நினைக்கும்போது மைக்கனுக்காக நான் வருத்தப்படுவதில்லை. அவருக்கு ஐந்து சாம்பியன் பட்டங்கள் கிடைத்தன, போதும். காசு கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்திருந்த அந்த ஏழாயிரம் பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். தள்ளிப்போடுபவர் தன் நேரத்தைச் செலவழித்தால் அது அவர் இஷ்டம். பெரும்பாலும் செலவாவது அந்தச் சண்டையில் சேராத யாரோ ஒருவருடைய நேரம். காத்திருப்பது சரியா தவறா என்று கேட்பதைவிட, யாருடைய கணக்கில் காத்திருக்கிறோம் என்று கேட்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். உடனே இல்லை. 1951 ஜனவரியில் இண்டியானாபொலிஸும் ராச்செஸ்டரும் ஆடிய ஆட்டம் ஆறு கூடுதல் நேரங்கள் வரை இழுத்தது. ஒவ்வொன்றிலும் பந்து கிடைத்த அணி கடைசி எறிதலுக்காக அதை வைத்துக்கொண்டு நின்றது. அதன்பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சிராகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன், இத்தாலியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர், பௌலிங் விளையாட்டுக்கூடம் நடத்திவந்தவர். சுவையான ஆட்டங்களில் ஓர் அணி சுமார் அறுபது முறை கூடையை நோக்கி எறிகிறது என்று அவர் கவனித்திருந்தார். இரண்டு அணிக்கும் 120. ஆட்டத்தின் 2,880 விநாடிகளை 120-ஆல் வகுத்தால் 24. இந்தக் கணக்கில் அவருடைய மேலாளர் லியோ ஃபெர்ரிஸுக்கும் பங்கு உண்டு. 1954–55 பருவத்தில், பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. ஓர் அணி ஆட்டத்துக்கு எடுக்கும் சராசரிப் புள்ளி 79-லிருந்து 93-க்கு ஏறியது.

கடிகாரம் வந்தால் எளியவர்கள் அழிந்துபோவார்கள் என்று நினைக்கத் தோன்றும். அழியவில்லை. அந்தப் பருவத்தின் இறுதித் தொடருக்கு வந்தது வேறு யாருமல்ல, பிஸ்டன்ஸ். ஏழாவது ஆட்டம் வரை போய், பியாசோனின் சிராகியூஸிடம் 92–91 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்தார்கள். ஓடி ஆடவும் தெரிந்தவர்கள்தான் அவர்கள். மினியாபொலிஸில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆடவில்லை. பெரியப்பாவுக்கும் யாராவது ஒரு தேதி குறித்துக் கொடுத்திருந்தால் அவருக்கு நியாயமான பங்கு கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. தேதி குறிப்பவரும் தம்பிகளில் ஒருவராகவே இருந்திருப்பார். எல்லாருக்கும் பொதுவாக ஓடினால்தான் அது கடிகாரம்.

அந்த 24 விநாடி விதிதான் என்பிஏவைக் காப்பாற்றியது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். பியாசோனைக் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2000-ஆம் ஆண்டில். அப்போது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.