பக்கத்து நாற்காலி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்றொரு பல்கலைக்கழக நகர் உண்டு. அங்குள்ள கூடைப்பந்து அணிக்கு 1961 முதல் 1997 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டீன் ஸ்மித். அவர் தம் மாணவர்களுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். பந்தைக் கூடையில் இட்டவன், அப்பந்தைத் தனக்கு வாகாகக் கொடுத்த தோழனை நோக்கி உடனே விரல் நீட்ட வேண்டும். புள்ளி என் கையால் வந்தது, ஆனால் அதற்கு வழி செய்தவன் இவன் என்று அரங்கத்தார் அனைவருக்கும் அறிவிக்கும் விரல் அது.

இவ்வழக்கத்தைப் பற்றி முதன்முதலில் அறிந்தபோது நம் உள்ளத்தில் எழுந்த வினா எளியது. வீரர்கள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டினார்கள், நன்று. ஸ்மித்தின் பக்கத்து நாற்காலியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்த மனிதரை நோக்கி விரல் நீட்டியவர் யார்?

அம்மனிதரின் பெயர் பில் கத்ரிஜ். 1937-இல் கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ் வின்டர் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் ஆடி, பின்னர் அவருக்கே உதவியாளராக இருந்து, 1967-இல் ஸ்மித்திடம் வந்து சேர்ந்தார். ஸ்மித்தும் கன்சாஸ் மண்ணின் மைந்தரே. ஸ்மித்தைப் பயிற்றுவித்தவர் ஃபாக் ஆலன். ஆலனின் ஆசான் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர்தாம் 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தவர். (நெய்ஸ்மித் முறைப்படி இறையியல் பயின்றவர் என்பதை நம் பங்கு இளைஞர்களிடம் சற்றுப் பெருமையாகவே சொல்வதுண்டு. அவர் கத்தோலிக்கர் அல்லர், பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

உதவிப் பயிற்சியாளரின் பணி என்ன? அடுத்து மோதவிருக்கும் அணியின் ஆட்டப் பதிவுகளை இரவெல்லாம் பார்த்துக் குறிப்பெடுப்பது; உயர்நிலைப் பள்ளிகளில் திறமையுள்ள சிறுவர்களைத் தேடி ஊர் ஊராய் அலைந்து, அவர்களுடைய பெற்றோர் முன் அமர்ந்து பேசுவது; பந்தெறியும்போது முழங்கை விலகுகிறதென்று ஒரே மாணவனிடம் ஆயிரம் முறை சொல்வது; வகுப்புக்குப் போனானா, தேர்வெழுதினானா என்று விசாரிப்பது. கத்ரிஜ் குறிப்பாகப் பந்தெறியும் கலையையும், கூடையருகே நின்று ஆடும் நெடிய வீரர்களையும் தம் பொறுப்பில் கொண்டிருந்தார். 1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி தங்கம் வென்றபோது ஸ்மித்துக்குத் துணையாக இருந்த இருவருள் அவர் ஒருவர். 1982-இலும் 1993-இலும் வட கரோலினா தேசிய வாகையர் பட்டம் பெற்றபோதும் அதே பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

ஸ்மித் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 879 வெற்றிகள் இருந்தன. ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்தின் முதற்பிரிவில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை அது. வெற்றியும் தோல்வியும் தலைமைப் பயிற்சியாளர் பெயரிலேயே எழுதப்படுவது மரபு. ஆகவே அந்த 879-இல் மிகப் பெரும்பகுதிக்கு உழைத்திருந்தும், கத்ரிஜின் கணக்கில் அன்று இருந்தது சுழியம்.

இவ்விடத்தில் நாம் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. திருமுழுக்கு யோவானை நினைவுகூர்ந்து, தாழ்ச்சியின் மேன்மையைப் புகழ்ந்து, மறையுரையை முடித்துவிடுவோம். ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் இடத்தில் தங்கிவிடுவது எப்போதும் தாழ்ச்சிதானா?

புனித தாமஸ் அக்குவினாஸ் தாழ்ச்சியைப் போற்றிய அதே கையால் பேருள்ளத்தையும் ஒரு நற்பண்பாக எழுதி வைத்தார். தன் குறையை எண்ணித் தன்னைத் தாழ்த்துவதும், இறைவன் தந்த கொடையை எண்ணிப் பெருஞ்செயலுக்கு முற்படுவதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது அவர் கருத்து. அதற்கு மேலும் சென்று, தன் ஆற்றலுக்கு உட்பட்டதைச் செய்ய அஞ்சிப் பின்வாங்கும் சிற்றுள்ளத்தைப் பாவம் என்றே வகைப்படுத்துகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, தலைவன் தந்த பணத்தை மண்ணில் புதைத்து வைத்த பணியாள். குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாளில் நாம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயது ஐம்பதைக் கடந்தபின் இது நம்மை உறுத்துகிறது. முன்னே செல்ல அஞ்சியதைத் தாழ்ச்சி என்று பெயரிட்டு நாம் எத்தனை முறை பூசி மெழுகியிருக்கிறோம்!

1978-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு கத்ரிஜின் கைக்கெட்டியது. அவர் அங்குப் போகும் முடிவுக்கே வந்துவிட்டார். பிறகு மனம் மாறிச் சேப்பல் ஹில்லிலேயே தங்கிவிட்டார். அது பேருள்ளமா, சிற்றுள்ளமா? அதே ஆண்டு ஸ்மித்திடம் வந்து சேர்ந்தவர் ராய் வில்லியம்ஸ் என்ற இளைஞர். முதலாண்டில் அவருக்குக் கிடைத்த ஊதியம் 2,700 டாலர் மட்டுமே. ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒளிநாடாக்களை ஞாயிறுதோறும் ஊர் ஊராய்க் காரில் கொண்டு போய்க் கொடுத்தும், நாட்காட்டி விற்றும் குடும்பம் நடத்தினார். பத்தாண்டுகள் கழித்து, 1988-இல் கன்சாஸ் பல்கலைக்கழகம் அழைத்தபோது தயங்காமல் புறப்பட்டார். 2003-இல் சேப்பல் ஹில்லுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி, 2005, 2009, 2017 என மூன்று முறை தேசிய வாகையர் பட்டம் வென்றார். ஒருவர் தங்கினார், ஒருவர் சென்றார். தங்கியவரைப் புனிதர் என்றும் சென்றவரைப் பேராசைக்காரர் என்றும் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஸ்மித் 1997 அக்டோபரில், போட்டிக் காலம் தொடங்கும் தறுவாயில் ஓய்வை அறிவித்தார். வேறொருவரைத் தேட நேரமில்லாதபடி செய்து, கத்ரிஜுக்கே அப்பொறுப்பு வரட்டும் என்று அவர் எண்ணியதாகப் பலரும் கருதினர். அறுபது வயதில் தலைமை நாற்காலியில் அமர்ந்த கத்ரிஜின் அணி, முதலாண்டில் 34 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது. தேசியப் போட்டியின் இறுதி நால்வருள் ஒன்றாக வந்தது. நாட்டின் அவ்வாண்டுச் சிறந்த பயிற்சியாளர் என்ற விருதும் அவருக்குக் கிட்டியது. 2000-இல் தடுமாறித் தடுமாறி, குறைகூறும் குரல்களுக்கிடையே, மீண்டும் அணியை இறுதி நால்வரிடையே கொண்டு நிறுத்தினார். அந்தக் கோடையிலேயே, போதும் என்று விலகிக்கொண்டார். மூன்றாண்டுகள், 80 வெற்றி, 28 தோல்வி.

அவர் தங்கியது அச்சத்தால் அன்று என்பதற்கு இம்மூன்றாண்டுகள் சான்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சற்று நின்று எண்ணுவோம். ஸ்மித் இன்னும் ஐந்தாண்டு நீடித்திருந்தால் அச்சான்று நமக்குக் கிடைத்திருக்காது. அப்போதும் கத்ரிஜ் இதே மனிதர்தாம், இதே ஆற்றல்தான். யூதாசின் இடத்தை நிரப்பத் திருத்தூதர்கள் இருவரை முன்னிறுத்தினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. பர்சபா என அழைக்கப்பட்ட யோசேப்பு அன்று என்ன நினைத்தார், வீடு திரும்பும் வழியில் யாரிடம் பேசினார் என்று விவிலியம் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. தொடக்கமுதல் ஆண்டவரோடு இருந்தவர் என்ற தகுதி இருவருக்கும் சமமே. ஒருவரின் பெயர் திருப்பலி மன்றாட்டிலும் வருகிறது. மற்றவரின் பெயரை நம் மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இரண்டாம் இடத்தில் இருப்பவனின் உள்ளத்தை வெளியிலிருந்து அளக்க இயலாது என்பதே நாம் கண்டது. அவன் ஏன் அங்கே இருக்கிறான் என்பது அவனுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள செய்தி. ஆனால் அவனுடைய உழைப்பால் முன்னிடத்தில் அமர்ந்திருப்பவர்கள் அவனுக்கு என்ன செய்தார்கள் என்பது வெளியில் தெரிவது. அதைக் கேட்கலாம், கணக்கும் பார்க்கலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் 1991-இல் ஒரு விதி செய்தது. முதற்பிரிவு அணிகளின் பயிற்சியாளர் குழுவில் கடைசி இடத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் ஊதியம் தரலாகாது. செலவைக் குறைக்கவும், இளைஞர்கள் இப்பணிக்குள் நுழைய இடமளிக்கவும் இவ்விதி என்றார்கள். தலைமைப் பயிற்சியாளர்களின் வருவாய்க்கு எவ்வித வரம்பும் இல்லை. கடைநிலையினர் வழக்குத் தொடுத்தனர். 1995-இல் கன்சாஸ் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், இவ்விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்த்தது. ஈற்றில் 1999-இல் அச்சங்கம் 5 கோடியே 45 இலட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. வழக்காடியவர்களைத் தாழ்ச்சியற்றவர்கள் என்று யாரேனும் சொன்னால், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் ஊதியம் பற்றி விடுத்த சுற்றுமடலை அவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். கூடைப்பந்து பிறந்த அதே ஆண்டில் வெளிவந்த மடல் அது.

மறைவில் இருப்பது தன்னளவில் புனிதமும் அன்று. 2017 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சிக் காவலர்கள் நான்கு பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர்கள் நால்வரைக் கைது செய்தனர். தங்களை நம்பிய மாணவ வீரர்களைக் குறிப்பிட்ட முகவர்கள்பால் திருப்பிவிடக் கையூட்டு வாங்கினர் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மாணவனின் வீட்டுக்குச் சென்று அவன் தாயிடம் பேசி நம்பிக்கை பெறுகிறவர் உதவிப் பயிற்சியாளரே; விலை பேசக்கூடிய சரக்கும் அந்த நம்பிக்கையே ஆகிவிட்டது.

இரண்டாம் இடத்தின் மாண்பை எண்ணும்போது நமக்குப் பர்னபாவின் நினைவு வருகிறது. எல்லாரும் அஞ்சி ஒதுக்கிய சவுலைக் கைபிடித்துத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றவர் அவர். பின்பு தர்சு நகர்வரை தேடிப் போய் அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தவரும் அவரே. முதலில் "பர்னபாவும் சவுலும்" என்றிருந்த வரிசை, சைப்பிரசைக் கடந்தபின் பெரும்பாலும் "பவுலும் பர்னபாவும்" என்று மாறிவிடுகிறது. அதற்காக அவர் முணுமுணுத்ததாக ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் ஒருமுறை திரும்பிப் போன இளைஞர் மாற்குவை இனி அழைத்துச் செல்லக் கூடாது என்று பவுல் சொன்னபோது, பர்னபா இணங்கவில்லை. கடும் வாக்குவாதம் எழுந்தது, இருவரும் பிரிந்தனர். தம் இடத்தை விட்டுக்கொடுத்தவர், மாற்குவை விட்டுக்கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்கின் திருவிழா மறையுரையில் நாம் தாழ்ச்சியைப் பற்றிப் பேசினோம். நம் உபதேசியாரைப் பெயர் சொல்லிப் பாராட்டினோம். நமக்கு முன்னிருந்த ஐந்து பங்குத்தந்தையரின் காலத்திலும் மறைக்கல்வி கற்பித்தவர். நாம் வெளியூர் சென்ற நாள்களில் இறப்பு வீடுகளில் செபம் சொன்னவர். புகழை நாடாதவர் என்றெல்லாம் சொன்னோம். மக்கள் கைதட்டினார்கள். திருப்பலி முடிந்து சக்கிறிஸ்தில் உடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சாமி, பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நாளைதான் கடைசி நாள். அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டித் தர இயலுமா?"

தந்தோம். பிறகு மாதாமாதம் பிடித்தமும் செய்தோம். அவருடைய ஊதியம் எவ்வளவு என்பதை அன்றுதான் கணக்கேட்டைத் திறந்து பார்த்தோம். அத்தொகையை இங்கு எழுத நாணுகிறோம்.

டீன் ஸ்மித் 2015 பிப்ரவரி 7-ஆம் நாள் காலமானார். இறுதி ஆண்டுகளில் அவருடைய நினைவாற்றல் மங்கிவிட்டிருந்தது. தம் ஆயிரம் ஆட்டங்களில் எவற்றை அவர் நினைவில் வைத்திருந்தாரோ! கத்ரிஜ் அதே ஆண்டு மே 12-ஆம் நாள், தம் 77-ஆம் வயதில் அவரைப் பின்தொடர்ந்தார்.

வரும் ஞாயிறு நம் பங்கின் நிதிக்குழு கூடுகிறது. கொடிமரத்துக்குப் பித்தளைக் கவசம் இடுவது முதற்பொருளாக இருந்தது. அதை இரண்டாவதாகத் தள்ளி, உபதேசியாரின் ஊதியத்தை முதலில் எழுதி வைத்திருக்கிறோம். குழுவினர் சிலருக்கு அதில் மனவருத்தம் என்று கேள்விப்படுகிறோம்.