மலிவு என்னும் தீர்ப்பு

2011 அக்டோபர் 5இல் டெல்லியில் அறிமுகமான ‘ஆகாஷ்’ டேப்லெட்டுக்கு அரசு தந்த விலை சுமார் 2,276 ரூபாய். அழுத்தினால்தான் உணரும் ஏழு அங்குலத் திரை. 256 மெகாபைட் நினைவகம். ‘ஒன்றுமில்லாததற்கு இது மேல்’ என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ‘இது போதும்’ என்று வாங்குகிறவன் தனக்கே சொல்லிக்கொண்டால் சிக்கனம். கொடுக்கிறவன் பிறனுக்குச் சொன்னால் தீர்ப்பு. கருவி திணறும்போது முதல் தலைமுறை மாணவன் தன் அறிவைத்தான் சந்தேகிப்பான்.

புதுச்சேரியில் 1827இல் தொடங்கி, இன்று ரோமன் ரோலண்ட் பெயரைத் தாங்கும் நூலகத்தின் கணக்கு வேறு: பலருக்கும் பொதுவாக ஒரு நல்ல பிரதி. அதற்கும் விலை உண்டு. காத்திருக்க வேண்டும், வீட்டை விட்டு வர முடியாத பெண்ணுக்கு அது எட்டாது. அவள் கையில் மட்டமான கருவிகூட ஒரு ஜன்னல்தான். ஆகவே மலிவை நான் மறுக்கவில்லை; ‘போதும்’ என்று சொல்லும் உரிமை அவளிடம் இருக்கிறதா என்றே கேட்கிறேன்.