நூதனசாலையும் நினைவின் நீதியும்

இறந்தகாலத்தை முற்றாக மறந்த சமுதாயம் தன்னை அறியாது; அதிலேயே தேங்கி நிற்கும் சமுதாயம் பிறரை அறியாது. ஆகவே, எதை நினைவிற் பேணுவது, எதை விட்டுவிடுவது என்னும் வினா வரலாற்று வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். கிழக்கிலங்கைக் கரையோரத்து ஊரொன்றின் இரு கட்டடங்கள் இவ்வினாவை எழுப்பி நிற்கின்றன.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வடக்கே செல்லும் பிரதான வீதியில் காத்தான்குடி அமைந்துள்ளது. அங்கு 2015 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை, இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றையும் முன்னோரின் வாழ்க்கை முறையையும் காட்சிப்படுத்துகின்றது. அவ்வூரின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் நூதனசாலையன்று. ஆயினும் அதன் சுவர்களில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த வடுக்கள் பேணப்பட்டுள்ளன. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, அங்கும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர்.

அவ்வடுக்களைப் பூசி மறைத்தலே நன்று என ஒருவர் வாதிடலாம். கிளறிய புண் ஆறுமா என அவர் கேட்கலாம். அவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தந்தையை அங்கு இழந்த மகன் தொழச் செல்லுந்தோறும் அச்சுவரைக் காண வேண்டியுள்ளது. எனினும், சுவரைப் பூசுவதால் நிகழ்ந்தது நிகழாததாகிவிடாது. சான்று அகன்ற இடத்தில் வதந்தி குடியேறும், வதந்திக்கோ எல்லையில்லை. மேலும், மன்னிக்கும் உரிமை இழந்தவருக்கே உரியது. நடந்ததை மறைத்துவிட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசுதல் பொருளற்றது.

ஆனால், நினைவைப் பேணும் உரிமை ஒரு கடமையையும் உடன் கொணர்கின்றது. அதே மாதம் 12 ஆம் திகதி, சம்மாந்துறையை அடுத்துள்ள வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அக்கொலையில் முஸ்லிம் ஊர்காவற் படையினரும் ஈடுபட்டனர். தன் வடுவை மட்டும் எண்ணி, பிறர் வடுவை எண்ணாது விடுவோனுக்கு நினைவு பழிக்கணக்கு எழுதும் ஏடாகிவிடும்.

இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசுபவர். தாய்வழி வரும் குடிமுறையையும் பொதுவாக உடையவர். எனவே ஒருவரின் வரலாற்றை மற்றவரை நீக்கி முழுமையாகச் சொல்ல இயலாது.

நூதனசாலையின் தரம் அதன் மாடிகளாலோ பொருள்களின் தொகையாலோ அளக்கப்படுவதன்று. வீரமுனையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி காத்தான்குடியின் துயரை அறிவதோடு, தன் ஊரின் துயருக்கும் அங்கு இடமுண்டெனக் காண்பாளா? வீரமுனையில் இறந்தோர் நினைவுகூரப்படும்போது காத்தான்குடி இளைஞன் ஒருவன் அங்கு தயக்கமின்றி நிற்க முடியுமா? இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என விடை கூற முடியுமாயின், அங்கு பேணப்படும் நினைவு நீதியுடையது எனலாம்.