சுட்டியை நகர்த்துபவர் யார்?
திருவண்ணாமலையில், ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலுக்கும் ரமணாசிரமத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். 1898-இல் வீட்டுக்கு அழைக்க வந்த தாய் அழகம்மாளுக்கு, அவரவர் வினைப்படி ஆட்டுவிப்பவன் ஆட்டுவிக்கிறான் என்ற கருத்தில் ரமணர் எழுதிக் கொடுத்தார். ஒரே அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் கணினியை அடுத்த அறையிலிருந்து இயக்குவதை இதற்கு உவமையாகச் சொல்லத் தோன்றும். ஆனால் விஎன்சி போன்ற மென்பொருளில், இயக்கப்படும் கணினியில் ஒரு நிரல் முன்பே ஓடிக்கொண்டு, வழக்கமாக 5900-ஆம் போர்ட்டில் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த வழியில் யாரும் நுழைய முடியாது; அதாவது, இயக்கப்படும் கணினியின் பக்கத்திலிருந்தே அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுத்தது கணினி அல்ல, நிர்வாகிதானே என்று கேட்கலாம். நியாயம்தான், கணினி சடம். வினையும் சடமே என்று 1927-இல் எழுதிய உபதேச உந்தியாரில் ரமணரும் சொல்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொலைவிலிருந்து அழிக்கப்படும் கோப்பு, உள்நுழைந்திருக்கும் ஊழியரின் கணக்கிலேயே அழிகிறது. சுட்டி தானாக நகர்வதைப் பார்க்கும் அவரோ ‘நான் செய்தேன்’ என்று நினைப்பதில்லை. செயல் நடக்கிறது, பெயரும் ஒட்டுகிறது, கர்த்தா என்ற எண்ணம் மட்டும் எழவில்லை. ரமணர் கேள்விக்குள்ளாக்கியது அந்த எண்ணத்தைத்தான். அப்படியானால் லஞ்சம் வாங்கியவரும் ‘ஆட்டுவித்தது அவன்’ என்று தப்பிக்கலாமா? செயலைத் தனதல்ல என்பவர் அதன் பலனையும் தனதல்ல என்று விட வேண்டும். பணத்தை மட்டும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்பவருக்கு இந்த வாதம் உதவாது.