குப்பையும் உத்ஸர்க்க சமிதியும்

முனிவர்க்கு உரைக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் இறுதியானது உத்ஸர்க்க சமிதி. மலம், சளி முதலிய கழிவுகளைக்கூட உயிர்கள் இல்லாத இடம் பார்த்து, எவ்வுயிர்க்கும் இடர் நேராதபடி நீக்குக என்பது அதன் கருத்து. நடப்பதிலும் உண்பதிலும் வேண்டிய விழிப்பைக் கழிப்பதிலும் வேண்டினர் நம் ஆசாரியர்கள். இதனைத் துறவியர்க்கே உரியதென இல்லறத்தார் ஒதுக்கிவிடலாமா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் வாழ்வோர்க்கு இவ்வினாவின் விடை தொலைவில் இல்லை, பாலாறே சாட்சி. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்பதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியையும் நாட்டிற்று. கழிவு மதிலைத் தாண்டியதும் உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. தோல் தொழிலைக் கண்டு முகஞ்சுளிக்கும் குடும்பங்கள் நம்மில் பல. ஆலைக்கு ஒரு நீதி, அடுக்களைக்கு ஒரு நீதியா?

எஞ்சிய சோற்றைப் பாலிதீன் பையிலிட்டு முடிந்து, தெருமுனையில் வைக்கும் வழக்கத்தை நோக்குவோம். பசு தின்னட்டுமே என்ற நல்லெண்ணமும் அதில் சில வேளை கலந்திருக்கும். பசுவால் முடிச்சை அவிழ்க்க இயலாது, பையோடு விழுங்குகிறது. பிளாஸ்டிக் செரிப்பதில்லை. அது முதல் இரைப்பையில் திரண்டு கிடக்க, வயிறு நிறைந்த உணர்வோடே பசு மெலிகிறது. 2019 அக்டோபரில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அறுவை செய்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ! கொல்லும் எண்ணம் எவர்க்கும் இருந்ததில்லை. ஆயினும் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு வகுத்த இலக்கணம் ‘பிரமாதம்’ என்பதையே அடிப்படையாகக் கொண்டது. இன்றைய பேச்சில் அச்சொல் பாராட்டு, சாத்திரத்திலோ அசட்டை.

‘சமையற்கழிவை உரமாக்கினால் அழுகலில் புழுக்கள் தோன்றுமே, அவற்றைக் கிளறுவது ஹிம்சையன்றோ?’ என்று வினவும் அன்பர்கள் உளர். நேர்மையான வினா. எங்கு அழுகினும் உயிர்கள் தோன்றவே செய்யும். குப்பைமேட்டில் அழுகினால் அங்கு மூளும் தீ அவற்றைப் பொசுக்கவும் செய்யும். ஆதலின் உரத்தொட்டி குறைந்த தீங்கு, தீங்கின்மை அன்று. அதனினும் மேலானது எஞ்சாதபடி அளந்து சமைத்தல். உண்ட தட்டைக் கழுவி அந்நீரையும் பருகும் வடநாட்டுச் சமணர் வழக்கம் சிலர்க்கு நகைப்பாயிருக்கலாம். நமக்கு அது மிக உயர்ந்த கழிவு மேலாண்மையாகவே தோன்றுகிறது. வேலூர் சி. சீனிவாசன் வகுத்த திட்டத்திலும் சமையற்கழிவை அழுகுமுன், நாளொன்றுக்கு இருமுறை பெற்று, மாடுகளுக்கு ஏற்றதை முதலில் அவற்றுக்கு ஊட்டுகின்றனர். வீட்டிலேயே பிரித்துத் தந்தாலன்றி இது நடவாது.

பழந்துணி, புட்டி, தகர டப்பா ஆகியவற்றின் மறுபயன் நம் பாட்டியர் அறிந்ததே; விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: குழம்பு படிந்த தாள் காகித ஆலைக்கு உதவாது, உலர்ந்ததை உலர்ந்தபடியே பழைய பேப்பர்க்காரரிடம் தருக.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் ஈரக்கழிவு, உலர்கழிவு என்பவற்றோடு வீட்டு அபாயக் கழிவையும் தனியே பிரிக்கச் சொல்லின. உடைந்த கண்ணாடி, சவர பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தடித்த தாளில் சுற்றி, மேலே இன்னதென எழுதித் தருதல் நன்று. தூய்மைப் பணியாளர் பலர் இன்றும் வெறுங்கையாலேயே பையைப் பிரிக்கின்றனர்.