ஒதுங்கிய இடத்தில் கிடைத்த இரட்சிப்பு

1850 ஜனவரி 6. இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கடும் பனிப்பொழிவு. போக நினைத்த சபைக்குப் போக முடியாத 15 வயதுப் பையன், வழியிலிருந்த சின்ன மெதடிஸ்ட் ஆலயத்தில் ஒதுங்கினான். போதகர் வந்து சேரவில்லை. அதிகம் படிக்காத ஒருவர் எழுந்து ஏசாயா 45:22-ஐ வாசித்து, ஆண்டவரை நோக்கிப் பாருங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு சொல்ல அவருக்குத் தெரியவுமில்லை. பிறகு கேலரிக்கு அடியில் வாடிய முகத்தோடு இருந்த பையனைப் பார்த்து, தம்பி, நீயும் இயேசுவை நோக்கிப் பார் என்றார். பாவ பாரத்தால் நெடுநாள் தவித்தவன் அங்கேயே விடுதலை பெற்றான்.

பேச்சுத்திறனா அவனை மீட்டது? இல்லவே இல்லை. அறிவிக்கப்பட்ட சுவிசேஷம்தான் மீட்டது. அவன்தான் பின்னாளில் பிரசங்கியாரான சார்லஸ் ஸ்பர்ஜன். 1861-ல் லண்டனில் திறக்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் ஆலயத்தில், ஆயிரக்கணக்கானோர் அவர் வாயால் அதே நற்செய்தியைக் கேட்டார்கள்.