விருந்தினனுக்கு எத்தனை நாள்?

ஒரு நாட்டினுட் புகும் அந்நியன் அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பது குடிவரவு அலுவலகத்தின் கணக்கு விவகாரமென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அதனை ஓர் அறவியற் பிரச்சினையாக நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், இன்ன நாளுக்குள் நீ இம்மண்ணை விட்டுப் போய்விடல் வேண்டும் என ஒரு மனிதனைப் பார்த்து ஒரு மனிதக் கூட்டம் சொல்லும்பொழுது, அவ்வாறு சொல்லும் உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது என்ற வினா எழாமற் போகாது. பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை மேடைதோறும் முழங்கிவிட்டு, கடவுச்சீட்டு அலுவலகத்தின் வரிசையில் நிற்கும் நாம், இவ்வினாவைச் சற்று ஆற அமரச் சிந்தித்தல் தகும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளை எடுத்துக்கொள்வோம். 1985 ஆம் ஆண்டு யூன் 14 ஆம் திகதி, லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரில், மோசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் இருந்து வளர்ந்த அமைப்பு அது. இன்று 29 நாடுகள் அதனுள் அடங்குகின்றன. வெளியார் எந்த 180 நாட் காலத்திலும் 90 நாளுக்கு மேல் அங்குத் தங்கலாகாது. இந்த 180 நாள் நாட்காட்டியில் நிலையாகக் குறிக்கப்பட்டதன்று. ஒவ்வொரு நாளும் அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. வந்த நாளும் ஒரு நாள், போன நாளும் ஒரு நாள். பிரான்சில் அறுபது நாள் கழித்தவன் இத்தாலிக்குட் புகுந்தால் புதுக் கணக்குத் தொடங்காது. அதற்கு மேலும் தங்க விரும்புவோன் குறித்த ஒரு நாட்டின் நீண்டகால வீசாவையும் வதிவிட அனுமதியையும் தனியே நாடல் வேண்டும். 2025 ஒக்ரோபர் 12 தொடக்கம், கடவுச்சீட்டிற் குத்தப்படும் முத்திரைக்குப் பதிலாக விரற்பதிவையும் முகத்தையும் கொண்டு நாளை எண்ணும் இயந்திர முறையும் புகுத்தப்பட்டுள்ளது.

அமெரிக்கனுக்கும் இந்தத் தொண்ணூறு நாள்தானே, பின் அநீதி எங்கே என்பர் சிலர். அமெரிக்கன் கடவுச்சீட்டை நீட்டிவிட்டு உள்ளே நடக்கிறான். இலங்கையன் முன்கூட்டியே 90 யூரோ கட்டி விண்ணப்பிக்கிறான். மறுக்கப்பட்டால் அப்பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்டல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, தான் திரும்பிப் போவான் என்பதை அவன் நிரூபித்தல் வேண்டும். ஐரோப்பிய மண்ணை மிதியாமல், விமான நிலையத்துள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குக்கூட வீசா கேட்கப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இடம்பெற்றுள்ளது. உரிய பத்திரமின்றி ஒருவரை ஏற்றிவரும் விமானக் கம்பனி தண்டம் இறுக்க வேண்டும் என 2001 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை விதிக்கின்றது. ஆகவே எல்லை என்பது பாரிசில் இல்லை. கட்டுநாயக்காவில், கம்பனி ஊழியரின் மேசையிலேயே அது தொடங்கிவிடுகிறது. தண்டத்துக்கு அஞ்சும் அவ்வூழியரே காவலாளியாகவும் நீதிபதியாகவும் ஆகிவிடுகிறார்.

இவ்விடத்து, ஜேர்மனியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ற் 1795 இல் வெளியிட்ட நித்திய சமாதானம் பற்றிய நூல் நினைவுக்கு வருகின்றது. உலகம் உருண்டை, மனிதர் எல்லையின்றிச் சிதறிப் போகவியலாது, ஆதலால் ஒருவரையொருவர் சகித்தே தீரல் வேண்டும். பூமியின் எப்பகுதியிலும் இருப்பதற்கு ஆதியில் எவனுக்கும் மற்றவனிலும் கூடிய உரிமை இருந்ததில்லை. இதிலிருந்து அவர் வருகையுரிமை ஒன்றை நிறுவினார்: அந்நியன் பகைவனாக நடத்தப்படலாகாது, அவனைத் திருப்பியனுப்பலாம், ஆனால் அதனால் அவன் அழிவானாயின் அனுப்பலாகாது. அதேவேளை, நிலைத்துத் தங்கும் உரிமையை அவர் வழங்கவில்லை. அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றார். இன்றைய குறுங்கால வீசாவுக்கும் நீண்டகால வதிவிட அனுமதிக்கும் இடையிலுள்ள கோடு ஏறத்தாழ அங்கேயே கீறப்பட்டுவிட்டது.

ஆனால் கான்ற் எதற்காக அக்கோட்டைக் கீறினார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வணிகத்தின் பெயராலே அந்நிய மண்ணிற் கால்வைத்து, அதனைக் கைப்பற்றிக்கொண்ட ஐரோப்பிய அரசுகளைக் கண்டிப்பதற்காகவே அவர் விருந்தினனின் உரிமையைச் சுருக்கினார். அவர்களின் நடத்தையைக் கண்ட சீனமும் யப்பானும் கதவடைத்ததை அவர் நியாயமென்றே கொண்டார். வலியவனிடமிருந்து மெலியவனைக் காக்கவெழுந்த வேலி அது. இன்று அதே வேலி வலியவன் முற்றத்தைச் சுற்றி நிற்கிறது. எல்லை என்பதே அதர்மம் என்று ஒரேயடியாக முழங்குவதற்கு எமக்கு மனம் வராமைக்கும் இதுவே காரணம். கதவில்லாத வீட்டின் துயரை அறிந்தவர்கள் நாம்.

1914 இற்கு முன் உலகிற் கடவுச்சீட்டே இன்றி எவரும் எங்கும் போகலாம் என்றிருந்த பொற்காலம் பற்றி எழுதுவோர் உளர். அது எவருடைய பொற்காலம்? 1897 இல் நாத்தாலும் 1901 இல் அவுஸ்திரேலியாவும் ஐரோப்பிய மொழித் தேர்வொன்றை வைத்து ஆசியரைத் தடுத்தன. இந்தியாவிலிருந்து இடையில் நில்லாது நேரே வந்தால்தான் ஏற்போம் என்று கனடா 1908 இல் விதித்தது. அத்தகைய கப்பற் போக்குவரத்து அப்பொழுது இருக்கவில்லை. 1914 இல் 376 பேருடன் வன்கூவர் சென்ற கொமகாட்டா மாரு இரண்டு மாதம் துறைமுகத்திற் கிடந்து, மிகச் சிலரை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பியது. அவர்கள் பிரித்தானிய முடியின் பிரசைகள் என்பதை நினைத்தால் பேரரசு என்ற சொல்லின் பொருள் நன்கு விளங்கும். அதே பேரரசின் கீழேதான் தென்னிந்திய விவசாயக் கூலிகள் இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு இட்டுவரப்பட்டனர். கங்காணியின் துண்டே அவர்களின் கடவுச்சீட்டு.

இன்றைய விதிகளின் உட்கிடை, தங்கும் காலத்தை நோக்கும்பொழுது வெளிப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, பழம் பறிக்கவும் விடுதிகளில் உழைக்கவும் வரும் பருவகாலத் தொழிலாளி, பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முதல் ஒன்பது மாதமே தங்கலாம். எந்த எல்லை என்பதை அந்தந்த நாடு தீர்மானிக்கும். மறுபுறத்தில், போர்த்துக்கல் 2012 முதல் 2023 வரை 5 இலட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியவனுக்கு வதிவிட அனுமதி வழங்கிற்று. அவன் ஆண்டுக்குச் சில நாள் தலைகாட்டினாற் போதும். கிரேக்கம் 2013 இல் இரண்டரை இலட்சத்துக்கே கதவைத் திறந்தது. மால்ற்றா குடியுரிமையையே விலைகூறியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்பிரலில் அதனைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. அங்கேயே கிடந்து உழைப்பவனின் நாட்கள் உரிமையாகக் கனியாதவாறு அறுக்கப்படுகின்றன; அங்கு வாராதவனின் பணமோ உரிமையாகக் கனிகின்றது. நாட்டின் பண்பாட்டைக் காக்கவே இவ்வெல்லைகள் என்ற வாதம் இவ்விடத்திற் பல்லிளிக்கின்றது.

அந்நியத் தொழிலாளர் வந்தால் உள்ளூர்க் கூலி வீழும் என்பது நம் முகாமிலிருந்தே எழும் ஆட்சேபம். இதனை எளிதில் ஒதுக்கலாகாது. முதலாளி அந்நோக்குடன் ஆளிறக்கியதற்குச் சான்றுகள் பல. ஆனாற் கூலியை வீழ்த்துவது வந்தவனின் வருகையா, அவனுடைய அச்சமா? வீசா முதலாளியின் கையில் இருக்குமளவும் அவன் சங்கத்திற் சேரான், குறைந்த கூலியை மறுக்கான். வளைகுடாவில் எம் பெண்கள் பட்ட பாடு இதற்கு வேறு சான்று வேண்டா எனச் சொல்லும். அமெரிக்க அறிஞர் மைக்கல் வால்சர், 1983 இல் எழுதிய நூலில், எவரை ஏற்பது எனத் தீர்மானிக்கும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டென வாதித்தவர். அவரே, உள்ளே எடுத்து உழைக்க வைத்தபின் குடியுரிமையை மறுப்பது கொடுங்கோன்மை என்றும் துணிந்தார். எமக்கு இது சரியெனவே படுகின்றது.

இத்துணிபை ஐரோப்பாவுக்கு மாத்திரம் உபதேசித்துவிட்டு நாம் அமர்ந்துவிட இயலாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தோரை விருந்தினராக்கிற்று. 1964 ஒக்ரோபரிற் கொழும்பும் டெல்லியும் அவர்களை எண்ணிப் பங்கிட்டன: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் வாய்திறவாத வடக்கின் கனவான்கள் சிலரின் பிள்ளைகள் பின்னர் ஐரோப்பிய வாயில்களில் நின்றதைக் குத்திக்காட்டுவது எம் நோக்கமன்று. ஆனாற் சொல்லாதிருக்கவும் முடியவில்லை.

மேல்வகுப்பு மாணவர்கள் எம்மிடம் வினவுவது இவ்வளவு தூரத்து வினாவன்று. வீசாவுக்காக உறவினரிடம் கடன்வாங்கி, ஒரு மாதம் வங்கிக் கணக்கில் வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக்கொடுப்பது பொய்யா, ஐயா, என்று கேட்கிறார்கள். பொய்தான். எனினும் அப்பொய்யைக் கேட்டு வாங்குவது, ஏழையல்லேன் என்று ஏழையை நிரூபிக்கச் சொல்லும் விதி. 1948 இன் மனித உரிமைப் பிரகடனம் தன் 13 ஆம் உறுப்புரையில், எந்நாட்டையும் விட்டு நீங்கும் உரிமையைத் தந்தது. புகும் உரிமையைப் பற்றி அவ்வுறுப்புரை வாய்திறக்கவில்லை. இவ்விடைவெளியில் நிற்கும் இளைஞனை நாம் குற்றவாளியெனக் கொள்ளோம். ஆனால் கடன் கொடுக்க உறவினர் எவருமில்லாத மாணவன் ஒருவனும் அதே வாங்கில் அமர்ந்திருக்கிறான். அவன் வினவவில்லை.